கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் தேகப்பயிற்சி

இக்கட்டுரையை மாதர் பகுதியில் வெளியிடாமல், கடைக்காரர்கள் முதலில் புரட்டும் பக்கத்தில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ஒரு கர்ப்பிணியின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் அந்தக் கர்ப்பிணி அல்லர். "படி இறங்காதே புள்ளே, குனிந்து நிமிராதே, உட்கார்ந்து சாப்பிடு" என்று மாமியார் அன்போடு சொல்வார். கணவரோ காலையில் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்துப் படியேறி வருகிறவர். வீட்டுக்கு வந்து, "உம்மா சொல்வதைக் கேள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையில் ஒன்பது மாதமும் அதற்குப் பின் நாற்பது நாளும் கழிந்துவிடுகின்றன. ஆகவே இதைப் படிக்க வேண்டியவர் முதலில் கணவர்தாம் என்பது நமது அபிப்பிராயம்.

கர்ப்பிணி ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மவர்க்கு மட்டும் சொந்தமானதன்று. மேனாட்டு டாக்டர்களுங்கூட இவ்விஷயத்தில் வெகுகாலம் தயங்கியே நின்றார்கள். அமெரிக்கப் பிரசவ மருத்துவர்களின் கல்லூரி 1985இல் வெளியிட்ட விதிகளில், கர்ப்பிணியின் நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 140ஐத் தாண்டலாகாது, கடினமான பயிற்சி 15 நிமிஷத்துக்கு மேற்படலாகாது என்று கண்டிருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில் அந்த எல்லைக்குத் தக்க ஆதாரம் இல்லையென்று தெரிந்ததால், 1994இல் அவர்களே நாடிக் கணக்கைக் கைவிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகளும் பிரசவித்த தாய்மார்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான தேகப்பயிற்சி செய்வது நல்லது என்று தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம். இதனால் கரு கலையும், குறைமாதத்தில் பிறக்கும், குழந்தை எடை குறையும் என்ற பயங்களுக்கு, நலமாயிருக்கும் கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, கர்ப்பகால இரத்த அழுத்தம், அளவு மீறிய எடை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன என்றே கண்டிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம் சமூகம் கண் திறந்து பார்க்கவேண்டியது கர்ப்பகால நீரிழிவு. சிங்கப்பூரில் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியிலும் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் 2009 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வரும் ஓர் ஆராய்ச்சி நடந்து வருகிறது. அதில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்த நீரிழிவு இருக்கக் கண்டார்கள். மலாய் மாதரைவிட இந்திய, சீன மாதரிடம் அதிகம். தேக்காவில் கடை வைத்திருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறந்த ஆஸ்பத்திரியின் கணக்கு இது. யாரோ அயலாரைப் பற்றியதென்று தள்ளிவிட முடியாது. கர்ப்பத்தோடு வந்த சர்க்கரை கர்ப்பத்தோடு போய்விடும் என்று நினைப்பதும் தவறு. அப்போதைக்குப் போனாலும், பின்னாளில் அத்தாய்க்கு நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு கூடுதல். குழந்தையும் வயிற்றிலேயே பெருத்துப் பிரசவத்தைக் கடினமாக்கும்.

இதற்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்றால், வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துச் செலவழித்துக்கொள்ளும். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ஊறும் சில சுரப்புகள் இன்சுலினின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. அதனால் தேங்கும் சர்க்கரைக்கு ஒரு போக்கிடம் வேண்டும். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும், மத்தியானம் நெய்ச்சோறும், "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்ற உபசாரமும் ஒரு பக்கம் வரவாகிக்கொண்டே இருக்க, மறு பக்கம் செலவே இல்லாத பேரேடு எப்படி நேராகும்? சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாற்கூட அந்த வேளைச் சர்க்கரை தணிகிறது. இருபத்து நான்காம் வாரத்துக்கும் இருபத்தெட்டாம் வாரத்துக்கும் இடையில் சர்க்கரை நீர் குடிக்கக் கொடுத்து இரத்தம் எடுக்கும் சோதனையைத் தவறவிடாதீர்கள். கடையில் ஆள் இல்லை என்பதற்காக அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டவர்கள் நம்மிடையே உண்டு.

வீட்டுக்குள்ளேயே அடைந்திருப்பதன் தீங்கைப் பற்றி இன்னொரு பழைய செய்தியும் உண்டு. காஷ்மீரத்தில் வேலை பார்த்த காத்லீன் வாகன் என்ற ஆங்கில மாது டாக்டர், கோஷாவில் வாழ்ந்த பெண்களின் பிரசவங்களைக் குறித்து 1928இல் ஒரு நூல் எழுதினார். வெயிலே படாத அறைகளில் காலம் கழித்ததால் எலும்பு மெலிந்து, இடுப்பெலும்பு உருக்குலைந்து, பிரசவம் ஆபத்தாய் முடிந்ததென்பது அவர் கண்ட முடிவு. குற்றம் முக்காட்டில் இல்லை; வெயிலும் அசைவும் இல்லாத வாழ்க்கையில் இருந்தது. முக்காடிட்டே வயலிலும் படகிலும் வேலை செய்த பெண்கள் உலகெங்கும் உண்டு. (சென்னையில் 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரியை நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். கோஷாப் பெண்களை வைத்தியத்திலிருந்து விலக்காமல், வைத்தியத்தை அவர்களிடம் கொண்டுவந்த ஏற்பாடு அது.) இன்று நாம் கடைவீட்டு மேல்மாடியிலும் பன்னிரண்டாம் மாடி வீட்டிலும் வாழ்கிறோம். கோஷா என்ற பெயர் இல்லையே தவிர, வெயில் காணாத நாட்கள் நம் பெண்களுக்கும் குறைவில்லை.

ஆகவே நடைதான் முதல் பயிற்சி. செலவில்லை, கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாம். இதுவரை நடந்து பழகாதவர் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, வாரத்துக்குச் சில நிமிஷம் கூட்டிக்கொண்டு போகலாம். எவ்வளவு வேகம் என்பதற்கு நாடி பார்க்க வேண்டாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும், அவ்வளவுதான். பேச்சு முட்டுமானால் வேகத்தைக் குறைத்துவிடவேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னுமே நல்லது. உடம்பு அதிகமாய்ச் சூடேறுவது கருவுக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில், ஆகாது. தண்ணீர் கையில் இருக்கட்டும். மழை நாளில் அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள திறந்த தளமோ அஞ்சடியோ போதும். ஆனால் அஞ்சடியில் கடைக்காரர்கள் பரப்பிவைத்திருக்கும் சாமான்களைத் தாண்டித்தான் அவர் நடக்கவேண்டியிருக்கும் என்பதையும் கடைக்காரர்களாகிய நாம்தான் கவனிக்கவேண்டும்! இன்னொன்று: நாம் டஜன் கணக்கில் விற்கிற ரப்பர் சிலிப்பர் இதற்கு உதவாது. கர்ப்பத்தில் மூட்டுகளின் பிணைப்புகள் தளர்கின்றன, வயிறு முன்னே வர உடம்பின் நிறையும் முன்னே சாய்கிறது, கால் சற்று வழுக்கினாலும் தாங்கிக்கொள்வது கடினம். பின்பக்கம் பிடிப்புள்ள, அடியில் பிடிமானமுள்ள காலணி ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

வீட்டு வேலையே தேகப்பயிற்சிதானே என்று கேட்பவர் உண்டு. கூட்டுவதும் துடைப்பதும் ஓரளவுக்குச் சரிதான். ஆனால் கல்லாவுக்குப் பின்னே எட்டு மணி நேரம் நிற்பது பயிற்சியாகாது, காலில் இரத்தம் தேங்குவதுதான் மிச்சம். கடையில் துணை நிற்கும் மனைவிக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மணிக்கொரு தடவை எழுந்து நாலு நடை நடக்கச் சொல்லுங்கள். அரிசி மூட்டை, எண்ணெய்த் தகரம் இவற்றை அவர் தூக்க வேண்டாம். சம்பளத்துக்கு நிற்கும் கர்ப்பிணிக்கும் இதே மரியாதை உரியது.

விட வேண்டியவை சில. விழுந்துவிடக்கூடிய விளையாட்டுகளும், வயிற்றில் அடிபடக்கூடியவையும் ஆகா. கடலுக்கடியில் மூழ்கும் விளையாட்டு அறவே கூடாது. நீந்தத் தெரிந்தவர் நீந்தலாம். தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் இடுப்புக்கு அது மிகவும் சுகம். நான்காம் மாதத்துக்குப் பின் மல்லாந்து நெடுநேரம் படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்கவேண்டும். பெருத்த கருப்பை, கீழ் உடம்பிலிருந்து இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாளத்தை அழுத்துவதால் தலைசுற்றல் வரும், குழந்தைக்கும் இரத்தம் குறையும். கடைசி மூன்று மாதத்தில் தூக்கமும் பக்கவாட்டில்தான் இருக்கவேண்டும். தொழுகையின் அசைவுகளைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். நலமாயிருக்கும் கர்ப்பிணிக்கு ருகூவும் ஸஜ்தாவும் தீங்கு செய்வன அல்ல. எழும்போது மட்டும் நிதானமாய் எழட்டும், தலைசுற்றுபவரும் டாக்டர் குனிய வேண்டாம் என்றவரும் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமிருக்கிறது. நோன்பு நோற்கும் கர்ப்பிணி பகலில் பயிற்சி செய்யவேண்டாம். இஃப்தாருக்குப் பின் மெதுவாய் நடந்தாற் போதும். நோன்பே தமக்கோ குழந்தைக்கோ கேடாகுமென அஞ்சுபவருக்கு உள்ள சலுகையை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். நஞ்சுக்கொடி கீழிறங்கி வாயை மறைத்திருப்பவர், கருப்பை வாய் பலவீனத்துக்குத் தையல் போட்டவர், இரத்தப்போக்கு நிற்காதவர், பனிக்குடம் உடைந்தவர், கர்ப்பகால இரத்த அழுத்தம் கடுமையாயிருப்பவர், இருதய நோயோ கடுமையான சோகையோ உள்ளவர், இரட்டைக் குழந்தையோடு குறைமாதப் பிரசவ அபாயமும் உள்ளவர் ஆகியோர் டாக்டர் அனுமதியின்றி ஒரு பயிற்சியும் தொடங்கலாகாது. மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் கர்ப்பிணிப் புத்தகத்தில் நிறம் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் அபாயம் குறைவு, பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்கவேண்டியது, மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்கவேண்டியது, சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் மனைவியின் புத்தகத்தில் என்ன நிறம் இருக்கிறதென்று இன்றிரவே பாருங்கள். கடை லைசென்சு எப்போது முடிகிறதென்று தெரிந்து வைத்திருக்கும் நமக்கு இது தெரியாமலிருப்பது அழகல்ல.

நலமாயிருப்பவருக்கும் நடக்கையில் இரத்தமோ நீரோ கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால், நெஞ்சு வலித்தால், நடக்கத் தொடங்கு முன்பே மூச்சு வாங்கினால், தலை வலித்துக் கண் மங்கினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான்.

பிரசவத்துக்குப் பிந்திய நாட்களில்தான் நம்மவர் அதிகம் பிழை செய்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. மலாய்க்காரர் 44 நாள் பந்தாங் இருக்கிறார்கள். நாம் நாற்பது இருக்கிறோம். பிரசவித்தவளுக்கு ஓய்வும், வேளைக்கு ஆகாரமும், பிள்ளையைத் தூக்க இன்னொரு கையும் வேண்டும் என்ற மட்டில் அந்த வழக்கம் போற்றத்தக்கது. பத்திய மருந்தைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம். ஆனால் ஓய்வு என்பது பாயைவிட்டு எழாமல் கிடப்பதாக ஆகிவிட்டால் அதில் உயிர் ஆபத்து உண்டு. கர்ப்பத்தில் இரத்தம் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. பிரசவத்தின்போது அதிக இரத்தம் போய்விடாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பிரசவித்த ஆறு வாரம் வரையிலும் அத்தன்மை இருக்கிறது, அப்போதுதான் அபாயமும் மிக அதிகம். அசையாத காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிஷத்தில் மரணம் நேரலாம். மலேசியாவில் தாய்மார் மரணங்களைப் பற்றி நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களுள் இதுவும் ஒன்று. அறுவைச் சிகிச்சையில் பெற்றவர், பருத்த உடம்பினர், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர் ஆகியோருக்கு அபாயம் இன்னும் கூடுதல்.

இதைத் தடுப்பது வெகு சுலபம். படுக்கையிலேயே பாதங்களை மேலும் கீழும் அசைப்பது, ஆழ்ந்து மூச்சிழுத்து விடுவது, தாதி அனுமதித்தவுடன் எழுந்து அறைக்குள் நடப்பது. முதல் நாளிலேயே தொடங்கலாம். இன்னொன்றும் கவனிக்க: மற்ற நாளில் நம் பெண்கள் ஐந்து வேளையும் நின்று குனிந்து எழுகிறார்கள். நிபாஸ் நாட்களில் தொழுகை இல்லையாதலால் அந்த அசைவும் நின்றுபோகிறது. அந்த ஐந்து வேளையையும் ஐந்து நிமிஷ நடைக்கு அடையாளமாய் வைத்துக்கொண்டால் மறதியே வராது. மலேசியாவில் தாதியர் வீடு தேடி வந்து பார்ப்பார்கள்; அவர் வரும்போது, "எவ்வளவு நடக்கலாம்?" என்று மாமியாரும் கூட இருந்து கேட்கட்டும். பாதி தகராறு அதிலேயே தீரும்.

அடுத்ததை எழுதச் சற்றுக் கூச்சமாயிருந்தாலும் எழுதத்தான் வேண்டும். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்களிடம் சாதாரணம். ஆனால் சாதாரணம் என்பதால் சகித்துக்கொள்ள வேண்டியதன்று. ஒளு நிற்கவில்லையே என்று மனம் நொந்து, யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்காய் வாழ்கிற தாய்மார் எத்தனை பேர்! இடுப்பின் அடித்தளத்தில் கருப்பையையும் சிறுநீர்ப் பையையும் ஏந்தி நிற்கும் தசைகள் தளர்வதே காரணம். அவற்றை இறுக்கும் பயிற்சியை அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கீகல் 1948இல் வெளியிட்டார். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல உள்ளுக்குள் இறுக்கி மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, பிறகு முழுவதும் தளரவிட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு, நாளொன்றுக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக்கூடாது, வயிற்றையோ தொடையையோ இறுக்கக்கூடாது, சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதும் கூடாது. உட்கார்ந்தும் செய்யலாம், பால் கொடுத்துக்கொண்டும் செய்யலாம், பக்கத்திலிருப்பவருக்குக் கூடத் தெரியாது. கர்ப்பத்திலேயே தொடங்கினால் மிக நல்லது. பிரசவத்துக்குப் பின், குழாய் வைத்திருந்தால் அதை எடுத்தபின், வலி பொறுக்கும் மட்டில் தொடரலாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டுப் பயனில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. கருப்பை கீழிறங்கியதுபோல் கனத்தாலும், கசிவு நீடித்தாலும், ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வயிறு பழையபடி ஒட்டவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அதற்காகச் சேலைத் துணியாலும், மலாய்ப் பிடான் கட்டும் பெங்குங்காலும் இறுக்கிக் கட்டுகிறார்கள். இதமாகக் கட்டினால் முதுகுக்கு ஆதரவு. மூச்சு முட்டக் கட்டினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கி, தளர்ந்த அடித்தசையைத்தான் மேலும் தள்ளும். ஒரு துணியும் தசைக்குப் பலம் தராது. கர்ப்பத்தில் நடு வயிற்றுத் தசைகள் இரண்டாய் விலகி நிற்பது இயல்பு. பெரும்பாலும் முதல் எட்டு வாரத்தில் தாமாகவே கூடிவரும். எட்டு வாரம் கழித்தும் தொப்புளருகே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் காட்டவேண்டும். அதற்குள் அவசரப்பட்டு மல்லாந்து படுத்து எழும் பயிற்சியைச் செய்தால் வயிறு கூம்பாய்ப் புடைத்து, விலகல் கூடத்தான் செய்யும். மூச்சை வெளியே விட்டு அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பதே தொடக்கத்துக்குப் போதும்.

தாய்ப்பால் கெட்டுவிடும், புளித்துவிடும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. மிதமான பயிற்சியால் பாலின் அளவும் குறைவதில்லை, சத்தும் குறைவதில்லை. பால் கொடுத்துவிட்டு நடக்கப் போனால் மார்பின் கனம் குறைந்து தாய்க்குச் சௌகரியமாயிருக்கும், அவ்வளவே.

கணவருக்கு நேரமில்லை என்பதை நாம் அறிவோம். ஆனாலும் கேளுங்கள்: சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பிறக்கும் பிரஜைக் குழந்தைகளின் தந்தைக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு உண்டு, நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சொந்தத் தொழில் செய்பவரும் அரசாங்கத்திடம் அதைக் கோரலாம். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டப்படி தாய்க்கு 98 நாளும், தந்தைக்கு ஏழு நாளும் உண்டு. நம் கடைச் சிப்பந்தி விடுப்புக் கேட்டு நிற்கும்போதும் இதை நினைவில் வைக்கவேண்டும். கடையைத் தம்பியிடமோ மச்சானிடமோ ஒப்படைத்துவிட்டு அரைமணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டால், அவர் கீழே இறங்கி ஒரு சுற்று நடந்து வரலாம். பிரசவித்த சில வாரங்களில் காரணமின்றி அழுகையும் வெறுப்பும் கொள்ளும் பெண்களுக்கு அந்த அரைமணி மருந்துக்குச் சமம். இரண்டு வாரம் தாண்டியும் அந்நிலை நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். பேய் பிடித்ததென்று ஓதிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தலாகாது.

அறுவைச் சிகிச்சையில் பெற்றவர் ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு பக்கமாய்ப் புரண்டு, கையை ஊன்றி எழட்டும். காயத்தின்மேல் சூட்டுக் கல்லோ ஒத்தடமோ வைக்க வேண்டாம். நடந்து வந்த நாளில் குறைந்துவந்த உதிரப்போக்கு மறுபடியும் சிவந்து அதிகரித்தால், அன்றைக்கு நடை கூடிப்போயிற்று என்று பொருள். ஓரிரு நாள் குறைத்துக்கொள்ளலாம். துணி நனைய நனையப் போனால் உடனே ஆஸ்பத்திரி. ஆறாம் வாரச் சோதனைக்குத் தவறாமல் போய், அங்கே காயம், இரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்துக்கொண்டு, கர்ப்பத்தில் நீரிழிவு இருந்தவர் சர்க்கரையும் மறுபடி சோதித்துக்கொண்டு, அதன் பிறகு வேகநடைக்குப் போகலாம். ஓட்டம், குதித்தல், மூட்டை தூக்குதல் இவை மூன்று மாதம் கழியட்டும். அதற்குள் கடைக்கு வரவேண்டியிருந்தால் கல்லாவில் உட்காரட்டும். மேல்தட்டுச் சாமானை எடுக்க ஏணியில் ஏறவேண்டியவர் நாம்தாம்.